தீர்ப்பாகாத மணல்

ஜனவரி 27, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். எங்கள் வீட்டுக்குப் பெருமையாக இருந்தாலும் எழுதுவேன், மானம் போவதாக இருந்தாலும் எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். இது சத்தியம்.

என் பெயர் தே. பவதாரணி. எட்டாம் வகுப்பு, அ பிரிவு. ஊர் சங்குமேட்டுக்குப்பம். இன்று எங்கள் பள்ளியில் மின்சிக்கன மன்றம் தொடங்கினார்கள். உறுப்பினராகச் சேர விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்று அறிவியல் கிரேஸ் டீச்சர் சொல்லி முடிப்பதற்கு முன்பே தூக்கிவிட்டேன். வீட்டில் மின்சாரம் எங்கெல்லாம் வீணாகிறது, அதை எப்படிக் குறைத்தோம் என்று கோடை விடுமுறை வரை நாட்குறிப்பு எழுத வேண்டும். ஒவ்வொரு நாளையும் 'விளக்குகள் அணைக்கப்பட்டன' என்ற வரியோடு முடிக்க வேண்டும். உண்மையிலேயே எல்லாவற்றையும் அணைத்திருந்தால் மட்டும்தான் அந்த வரியை எழுதலாம்.

எங்கள் வீட்டில் அந்த வரியை எழுதுவது கஷ்டம். காரணம் ஃபோகஸ் லைட். ஃபோகஸ் லைட்டுக்குக் காரணம் மணல். ஆகவே மணலில் தொடங்குகிறேன்.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் கடலைப் பார்த்த வீடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. தாத்தா வலை காயவைத்த இடம். தாத்தா இறந்த பிறகு படகு, வலை, அண்டா குண்டா எல்லாவற்றையும் அப்பாவும் சித்தப்பாவும் சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். மணலுக்கு வந்தபோது சத்தம் வந்துவிட்டது. மூத்தவனுக்கு என்றார் அப்பா. கடைசிவரை கஞ்சி ஊற்றியவனுக்கு என்றார் சித்தப்பா. ஊர்ப் பஞ்சாயத்தில், "மாசி மகம் முடியட்டும், தீர்ப்பு சொல்றோம். அதுவரைக்கும் ரெண்டு பேரு காலும் அதுல படக் கூடாது" என்றார்கள். அதற்குப் பிறகு நான்கு மாசி மகம் முடிந்துவிட்டது.

அடுத்தவர் இரவோடு இரவாக எல்லைக்கல் நட்டுவிடுவார் என்று இருவருக்கும் பயம். அதனால் அப்பா மொட்டை மாடியில் ஒரு ஃபோகஸ் லைட்டை வைத்து மணலைப் பார்த்துத் திருப்பிவிட்டார். சித்தப்பாவும் ஒன்று வைத்தார். பொழுது சாய்ந்ததும் இரண்டும் எரியும், விடிந்தால்தான் அணையும். எங்கள் மணல் இரவில் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கும். விளையாடுவது நண்டுகள் மட்டும்.

விளக்குகள் அணைக்கப்பட்டன, ஃபோகஸ் லைட் தவிர.

ஜனவரி 29, புதன்

மின்சிக்கன நடவடிக்கைகளைத் தொடங்கினேன். அப்பா காலையில் கடலிலிருந்து வந்து சாப்பிட்டுத் தூங்கினார். தூங்குபவருக்கு ஃபேன் ஓடுவது தெரியாது என்பதால் அதை நிறுத்தினேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவை அம்மா எத்தனை முறை திறக்கிறாள் என்று பக்கத்தில் நின்று எண்ணினேன். "எண்ணுறதுக்குப் பதிலா அந்தத் தேங்காயைத் துருவு" என்றாள்.

அடுத்து சீரோ வாட் பல்பு. எங்கள் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. ஆணியில் எதுவும் மாட்டவில்லை. அதற்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு இரவும் பகலும் எரிகிறது. ஆணிக்கு எதற்கு வெளிச்சம் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அது எரியட்டும்" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு அம்மா அடுப்படியில் சொன்னாள். பாகம் பிரித்தபோது தாத்தாவின் படம் சித்தப்பா பங்கில் போய்விட்டதாம். படத்துக்குக் கீழே எரிகிற பல்பு எங்கள் பங்கில் வந்துவிட்டதாம். "உங்கப்பாகிட்ட அதைப் பத்திப் பேசாத" என்றாள். மாதம் முழுக்க எரிந்தாலும் அதற்குச் சொற்ப மின்சாரம்தான் ஆகும். ஆனாலும் படமில்லாத பல்பு வீண் என்று பதிவு செய்கிறேன்.

விளக்குகள் அணைக்கப்பட்டன, ஃபோகஸ் லைட்டும் சீரோ வாட் பல்பும் தவிர.

பிப்ரவரி 1, சனி

முக்கியமான நாள்.

நேற்று மாலையே கரண்ட் போய்விட்டது. மணலைக் காவல் காக்க அப்பா டார்ச் லைட்டோடு எங்கள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சித்தப்பா அவர் ஓரத்தில் நாற்காலி போட்டார். இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நான் தூங்கிவிட்டேன். அவர்களும் தூங்கியிருக்கிறார்கள். யார் முதலில் தூங்கியது என்பதில் இன்று இரண்டு கருத்துகள் உள்ளன.

காலையில் பார்த்தால் மணலில் டிராக்டர் போனது மாதிரி ஒரு தடம். கடலிலிருந்து ஏறி வந்து, அடம்புக் கொடிக்கு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பக் கடலுக்குள் இறங்கியிருந்தது.

"பங்குனி ஆமை" என்றார் அப்பா. தூங்குகிற இரண்டு ஆட்களுக்கு நடுவில் ஏறி வந்து முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இங்கே ராஜாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜாத்தி எங்கள் ஆடு. அது மணலில் நடக்கலாமா என்று ஒருமுறை பஞ்சாயத்திலேயே கேட்டு, ஆட்டுக்குத் தடையில்லை என்று தீர்ப்பு வாங்கியிருக்கிறோம். இந்த விவகாரத்தில் இதுவரை வந்த ஒரே தீர்ப்பு அதுதான். பேச்சு நின்றுபோனவர்கள் மூன்றாவது ஆளிடம் சொல்வதுபோலச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் மூன்றாவது ஆள் ராஜாத்தி.

"பாத்துக்க ராஜாத்தி" என்றார் அப்பா. "ஆமை ஏறி வந்தது என் பக்கம். முட்டை யாரு பக்கத்துதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"ஏறும்போது யாரு வேணா ஏறுவாங்க ராஜாத்தி" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா. "போகும்போது யாரு வாசல்ல சொல்லிட்டுப் போவுதோ, அவங்கதான் வேண்டப்பட்டவங்க." இறங்கிய தடம் அவர் பக்கம் இருந்தது.

ஒன்பது மணிக்கு ஆமை அக்கா வந்தார். அவர் பெயர் நிவேதிதா. ஆமை முட்டைகளை எடுத்துப் போய்ப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கும் குழுவில் இருக்கிறார்.

"இது யாரு இடம்?" என்று கேட்டார்.

"என்னுது" என்றார்கள் இருவரும்.

"அப்ப ரெண்டு பேரும் சரின்னு சொன்னீங்கன்னா உள்ள போய் எடுத்துக்கறேன்."

"நான் சரின்னு சொல்லிடுவேன்மா" என்றார் அப்பா. "அவன் சரின்னு சொல்லக் கூடாது. இடம் இருக்கிறவன்தான் சரின்னு சொல்ல முடியும்."

"அதேதான் ராஜாத்தி" என்றார் சித்தப்பா.

ஆமை அக்கா ராஜாத்தியைப் பார்த்தார். ராஜாத்தி அவருடைய கூடையைப் பார்த்தது. கடைசியில் ஊர்த் தலைவரைக் கேட்கலாம் என்றானது. அவர் கல்யாணத்துக்குப் புதுச்சேரி போயிருந்தார், சாயங்காலம்தான் வந்தார். அதற்குள் நேரம் தாண்டிவிட்டது, இனி அசைத்தால் உள்ளே கரு கெட்டுவிடும் என்று ஆமை அக்கா சொல்லிவிட்டார். முட்டைகள் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

நாய் தோண்டாமலிருக்க வலைக்கம்பி கட்டலாம் என்றார். வேலி என்றதும் இருவரும் எழுந்து நின்றார்கள். "வட்டமா கட்டட்டும்பா" என்றார் தலைவர். "வட்டத்துக்கு ஏது எல்லை?" அதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆமை அக்கா இன்று முட்டைகளைப் பார்க்க வந்தார். எங்கள் ஊர்க் கரையில் மற்ற இடமெல்லாம் சிமெண்டும் வலைக்கொட்டகையுமாகிவிட்டது, ராவணன் மீசைப் புல்லும் அடம்பும் ஆள்காட்டிக் குருவியும் இருப்பது இந்தத் திட்டில் மட்டும்தான் என்றார். "நாலு வருஷமா யாரும் கால் வைக்கல இல்ல, அதான்." ஆகவே அப்பாவும் சித்தப்பாவும் தங்களுக்குத் தெரியாமலே இயற்கையைப் பாதுகாத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு அப்பா பெருமைப்பட்டார். சித்தப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் சொன்னதும் பெருமை குறைந்தது.

பிறகு அக்கா மாடியைப் பார்த்து, "அது என்ன லைட்டு?" என்றார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

குஞ்சுகள் இருட்டிய பிறகுதான் மணலைவிட்டு வெளியே வருமாம். கரையைவிடக் கடல்தான் வெளிச்சமாக இருக்கும் என்பது அவற்றுக்குப் பிறவியிலேயே தெரியுமாம். அதனால் வெளிச்சத்தைப் பார்த்து நடக்குமாம். "இங்க ரெண்டு ஃபோகஸ் லைட்டு எரிஞ்சா, பாதி உங்க வீட்டுக்கு வரும், பாதி உங்க சித்தப்பா வீட்டுக்குப் போகும். கடலுக்கு ஒண்ணும் போகாது. விடிஞ்சதும் காக்கா பாத்துக்கும்."

நூறு முட்டைக்கு மேல் இருக்கும் என்றார். பங்குனி தொடக்கத்தில் பொரியும். அதற்குள் இரண்டு விளக்குகளும் அணைய வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அப்பாவிடம் கேட்டேன். "அவன் மொதல்ல அணைக்கட்டும்" என்றார்.

"சித்தப்பா அணைச்சா நீங்க அணைப்பீங்களா?"

"அவன் அணைச்ச மாதிரி அணைச்சிட்டு, நான் கண் அசந்ததும் கல்லை நட்டுடுவான். அந்த வீட்டு ஸ்விட்சு மேல என் கை இருந்தாத்தான் நம்புவேன்."

சித்தப்பா மகள் கனிஷ்கா எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. அவளிடம் பேசக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் ஒருபோதும் மீறியதில்லை. சாயங்காலம் ராஜாத்தியைக் கட்டப் போனபோது அவள் அவர்கள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் ராஜாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜாத்தியிடம் பேசக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை.

கனிஷ்காவும் ராஜாத்தியிடம், "எங்கப்பாவும் அதையேதான் சொல்றாரு ராஜாத்தி. பெரியப்பா வீட்டு ஸ்விட்சு மேல என் கை இருந்தாத்தான் நம்புவேன்னு" என்றாள்.

ராஜாத்தி என் கணக்கு நோட்டின் ஓரத்தைத் தின்றது.

பிப்ரவரி 7, வெள்ளி

அன்றைக்குத் தூங்கிப்போனது இருவருக்கும் மானப் பிரச்சினையாகிவிட்டது. அப்பா இன்வெர்ட்டர் வாங்கி வந்துவிட்டார். இனி கரண்ட் போனாலும் ஃபோகஸ் லைட் எரியும். ஆட்டோவிலிருந்து இறக்கும்போது சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் அதே ஆட்டோ அவர் வாசலில் நின்றது.

மின்சிக்கன மன்ற உறுப்பினர் என்ற முறையில் வெட்கப்படுகிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கிரேஸ் டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'இது மின்சார நாட்குறிப்பு. குடும்பச் சண்டைகள் தேவையில்லை.'

டீச்சர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குடும்பச் சண்டையை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டு மின்சாரத்தில் பாதிக்குக் காரணமே இருக்காது. இனிமேல் சுருக்கமாக எழுதுவேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மின்சாரம் செலவானது.

பிப்ரவரி 16, ஞாயிறு

சுருக்கமாக எழுதினால் உண்மை வெளியே நின்றுவிடுகிறது. பழையபடி எழுதுகிறேன்.

இன்று சில பரிசோதனைகள் நடந்தன. யாரோ எங்கள் ஃபோகஸ் லைட்டின் மேல் மீன் கூடையைக் கவிழ்த்திருந்தார்கள். அதே நேரத்தில் யாரோ சித்தப்பா ஃபோகஸ் லைட்டின் மேல் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். அப்போது நான் மாடியில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். கனிஷ்காவும் அவர்கள் மாடியில் புவியியல்தான் படித்துக்கொண்டிருந்தாள் என்று ராஜாத்தி மூலம் அறிகிறேன்.

மணல் இருட்டாக இருந்தது சரியாக ஒரு தும்மல் நேரம். எங்கள் விளக்கு மங்கியதும் சித்தப்பா வெளியே ஓடி வந்தார். அவர் விளக்கு மங்கியதும் அப்பா வெளியே ஓடி வந்தார். இருவரும் மணலின் இரண்டு ஓரங்களிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கல்லு நடத்தான் வந்தான் ராஜாத்தி, கையும் களவுமா மாட்டிக்கிட்டான்" என்றார் அப்பா.

"அப்ப இவரு என்னா, நிலா பாக்க வந்தாராமா?" என்றார் சித்தப்பா.

இருவர் கையிலும் கல் இல்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிளாஸ்டிக் வாளி சூட்டில் உருகிவிட்டது. சித்தி அதை எங்கள் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதன் பக்கத்தில் எங்கள் புது வாளியை வைத்தாள். சிறிது நேரத்தில் புது வாளி காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுறாப் புட்டு இருந்தது. அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்வதில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கடலில் திடீரென்று காற்று. காலையில் எல்லாப் படகும் வந்துவிட்டது, சித்தப்பா படகு மட்டும் வரவில்லை.

அப்பா தூங்காமல் கரையில் நின்றுகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். மேகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னார். மேகமே இல்லை. வெயில் உச்சிக்கு வந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன். "மேகம் பாத்துட்டு வரேன்" என்றார். மூன்று மணிக்குச் சித்தப்பா படகு வந்தது. எஞ்சின் கோளாறாம். படகு கரையைத் தொட்டதும் அப்பா மேகம் பார்ப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார்.

பருவநிலை மாற்றத்தால் மீனவர்களின் வேலை நேரம் பாதிக்கப்படுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

விளக்குகள் அணைக்கப்பட்டன. எவையெவை தவிர என்று இனி எழுதப் போவதில்லை. கை வலிக்கிறது.

மார்ச் 12, புதன்

மாசி மகம். சாமி கடலாடி முடிந்ததும் பஞ்சாயத்தார் உட்கார்ந்தார்கள். இந்த முறை தீர்ப்பு வந்துவிடும், அதற்குப் பிறகு காவலும் வேண்டாம், இரண்டு விளக்குகளும் அணைந்துவிடும் என்று நானும் ராஜாத்தியும் நம்பியிருந்தோம். கனிஷ்காவும் நம்பியிருந்ததாகக் கேள்வி.

ஊர்த் தலைவர் தொண்டையைச் செருமினார். "இப்ப அதுல ஒரு தாயி முட்டை வச்சிருக்கு. குடியிருக்கிறவங்க இருக்கும்போது தீர்ப்பு சொல்றது முறையில்ல. குஞ்சுங்க போவட்டும்" என்று எழுந்துவிட்டார்.

பஞ்சாயத்தார் முகங்களில் எல்லாம் நிம்மதி தெரிந்தது.

மார்ச் 17, திங்கள்

ஆமை அக்கா வலைக்கம்பிக்குள் குனிந்து பார்த்துவிட்டு என்னை அழைத்தார். முட்டை இருக்கும் இடத்தில் மணல் லேசாகக் குழிந்திருந்தது. கீழே குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கிவிட்டனவாம். இன்னும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.

மாடியில் ஃபோகஸ் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார் அப்பா.

"நீ பேசிப் பாத்தியா?" என்று அக்கா கேட்டார். பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒரு வேளை சாப்பிடாமல் கூட இருந்து பார்த்தேன் என்றேன். அப்பாவுக்கு ஆமை மேல் கோபம் இல்லை. வலையில் ஆமை மாட்டினால் வலையை அறுத்துவிடுகிறவர் அவர். சித்தப்பாவும் அப்படித்தான். இருவருக்கும் குஞ்சுகள் பிழைக்க வேண்டும். ஆனால் அடுத்தவர் அணைக்கிறாரென்று நம்புவதற்குத்தான் ஆளில்லை.

நேற்றுவரை நானும் இதில் வழியே இல்லை என்றுதான் நினைத்தேன். இன்று கணக்கு வகுப்பில் ஒரு யோசனை வந்தது. அப்பாவுக்கு அந்த வீட்டு ஸ்விட்ச் மேல் கை வேண்டும். சித்தப்பாவுக்கு இந்த வீட்டு ஸ்விட்ச் மேல் கை வேண்டும். இரண்டு பேர் கேட்பதும் நியாயம் என்றால் இரண்டையும் கொடுத்துவிடலாமே.

ராஜாத்தியிடம் சொன்னேன். "இது நடக்காது ராஜாத்தி" என்றாள் கனிஷ்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடந்தா நல்லாருக்கும்" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

அப்பா முதலில் முடியாது என்றார். அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றார்.

"அந்த ஸ்விட்சு மேல கை இருந்தாத்தான் நம்புவேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"சித்தப்பாவும் அதையே சொல்றாராம். நம்ம ஸ்விட்சு மேல அவர் கை இருக்கணுமாம். நீங்க போகலைன்னா, அவர் தைரியமா கேட்டார், நீங்கதான் பின்வாங்கிட்டீங்கன்னு ஊர்ல பேசுவாங்க."

இப்படி ஊரில் யாரும் பேசவில்லை. பேசுவார்கள் என்றுதான் சொன்னேன், பேசினார்கள் என்று சொல்லவில்லை.

அப்பா எழுந்து மாடிக்குப் போனார். திரும்பி வந்தார். "அவன் வரானா?"

அந்த வீட்டில் கனிஷ்காவும் இதே மாதிரி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் சித்தப்பாவின் குரல் கேட்டது. "ராஜாத்தி, யாரோ பயப்படுறாங்களாமே. நான் எங்க வேணா வருவேன்."

"நாளைக்கு வரச் சொல்லு ராஜாத்தி" என்றார் அப்பா. "நான் இன்னைக்கே தயார்."

மார்ச் 19, புதன்

இதை நன்றாக எழுத வேண்டும். பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

சூரியன் இறங்கியதும் ஆமை அக்கா ஓடி வந்து, மணல் அசைகிறது என்றார். அப்பா சட்டை போட்டுக்கொண்டார். வீட்டில் அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. மணலில் கால் படக் கூடாது என்பதால் தெருவைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். சித்தப்பாவும் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவரும் சட்டை போட்டிருந்தார். இருவரும் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் எதிரெதிரே வந்தபோது இருவருமே மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கம்பத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, தெருவிளக்கைக் கூட ஆமை அக்கா ஏற்கனவே ஊரில் சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்.

சித்தப்பா எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "வா தம்பி" என்று அம்மா கூப்பிட்டாள். ராஜாத்தியைக் கூப்பிடவில்லை, அவரைத்தான். அவர் உள்ளே வந்து, ஸ்விட்ச் எங்கே என்று கேட்காமலே நேராகப் போய் அதன் மேல் கை வைத்தார். அந்த ஸ்விட்ச் போர்டைத் தாத்தா காலத்தில் போட்டதே அவர்தானாம்.

நான் எங்கள் வாசலில் நின்றேன். கனிஷ்கா அவர்கள் வாசலில் நின்றாள். இருவரும் ராஜாத்தியைப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணினோம்.

இரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

நான்கு வருடத்தில் முதல் முறையாக எங்கள் மணல், டார்ச் வெளிச்சம்கூட இல்லாமல், முழு இருட்டாக இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடல் தெரிந்தது. கடலில் இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அலை உடையும் இடமெல்லாம் பால் மாதிரி இருந்தது. பிறகு மணல் கொதிப்பது போல இருந்தது. குஞ்சுகள் என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. ஒன்றன் மேல் ஒன்று ஏறி, உருண்டு, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அலையைப் பார்த்து நடக்கத் தொடங்கின. அடுத்த வேளைச் சோற்றுக்கு மணி அடித்துவிட்டது போல அவ்வளவு அவசரம்.

"பாருடி, போவுது" என்று ஒரு குரல் கேட்டது. "ஆமாம்டி" என்று இன்னொரு குரல் சொன்னது. இருட்டில் யார் யாரிடம் பேசினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்போது ஆமை அக்கா, "ஐயோ, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புது" என்றார். பத்துப் பதினைந்து குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. "உள்ள ஏதோ எரியுது. என்னது அது?"

திரும்பிப் பார்த்தேன். திறந்திருந்த வாசல் வழியாகக் கூடத்துச் சுவர் தெரிந்தது. ஆணிக்குக் கீழே சீரோ வாட் பல்பு. மற்ற எல்லாம் அணைந்த பிறகு அது ஒரு பெரிய விளக்காகிவிட்டது.

சித்தப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "இது எதுக்கு இங்க எரியுது?" என்று கேட்டார். ஆணியைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது.

பல்பின் ஸ்விட்ச் வரை போனவர் அணைக்கவில்லை. வாசலுக்கு வந்து, மணலுக்கு அந்தப் பக்கம் இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணே."

அலைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

"அண்ணே, அப்பா விளக்கை அணைக்கணுமாம். அணைக்கவா?"

ராஜாத்தி எங்கள் பக்கத்தில்தான் நின்றது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"அணைடா" என்றார் அப்பா. அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கலாம். "ஒரு நாளைக்கு அவரு ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாரு."

சித்தப்பா அணைத்தார். குஞ்சுகள் நின்றன. கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தன. பிறகு வழிகேட்டுத் தெரிந்துகொண்ட ஆட்கள் மாதிரி ஒவ்வொன்றாகத் திரும்பிக் கடலைப் பார்த்துப் போயின.

கடைசிக் குஞ்சு போகும்வரை ஸ்விட்சைவிட்டு நகர மாட்டேன் என்று இருவரும் முன்பே சொல்லியிருந்தார்கள். குஞ்சுகள் போய் வெகு நேரம் ஆகியும் இருவரும் அவரவர் காவலிலேயே இருந்தார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா இரண்டு டம்ளர் டீ குடித்தார். அந்த வீட்டில் சித்தி அப்பாவுக்கு வஞ்சிரக் குழம்பு ஊற்றியிருக்கிறாள். அப்பா வந்ததும் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். "பசிக்கல" என்றார். "கொழம்புல உப்பு கூட" என்றார். கையை முகர்ந்துகொண்டே படுத்துவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் கூடத்துச் சுவரில் சீரோ வாட் பல்பு இல்லை. வயரை மடித்து டேப் சுற்றியிருந்தது. ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது.

பள்ளிக்குப் போகும் வழியில் கனிஷ்கா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தாத்தா படம் தெரிந்தது. படத்துக்குக் கீழே சின்ன சிவப்பு வெளிச்சம். தாத்தா மீசை இவ்வளவு பெரியது என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன்.

"உங்கப்பா விடிகாலைல வந்து மாட்டிட்டுப் போனாரு" என்றாள் கனிஷ்கா. ராஜாத்தி அப்போது வீட்டில் கட்டியிருந்தது. ஆகவே அவள் என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் ஊர்த் தலைவர் வந்தார். குஞ்சுகள் போய்விட்டன, தீர்ப்பைச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல விருப்பமிருப்பதாகத் தெரியவில்லை. அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கடலைப் பார்த்தார்.

"அடுத்த வருசமும் அது இங்கதான் வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுது" என்றார் அப்பா. "என்னா அவசரம்?"

"அதானே" என்றார் சித்தப்பா. தலைவர் டீ கூடக் குடிக்காமல் வேகமாகப் போய்விட்டார்.

பிறகு பொழுது சாய்ந்தது. ஃபோகஸ் லைட் போடுகிற நேரம். அப்பா ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அவன் போடுறானான்னு பாரு" என்றார். பார்த்தேன். சித்தப்பாவும் அவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பு இருவரும், முதலில் அணைக்க மாட்டேன் என்று நின்றார்கள். இன்று இருவரும், முதலில் போட மாட்டேன் என்று நிற்கிறார்கள். மணலில் நண்டுகள் ஓடுவது இருட்டில் சத்தமாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். எதிர் ஜன்னலிலும் யாரும் இல்லை.

சீரோ வாட் பல்பு இன்று முதல் கனிஷ்கா வீட்டுக் கணக்கில் சேரும். அது வீண் என்று நான் முன்பு பதிவு செய்ததை இங்கே அடித்துவிடுகிறேன்.

கூடத்து டியூப் லைட், அடுப்படி பல்பு, வாசல் விளக்கு, ஃபோகஸ் லைட் எல்லாவற்றையும் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த வரியை டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் அதையும் நிறுத்திவிடுவேன்.

விளக்குகள் அணைக்கப்பட்டன.